பின்னாடி வேன் வந்து இடிச்சிடுச்சு, ஒரு சொட்டு ரத்தம் இல்ல, ஆனா மறுநாள் கழுத்து திரும்பல. ஏன்?

செம்பவாங்_செல்வா
ஞாயிறு, இரவு 8:52

வணக்கம் மக்களே, இங்க ரொம்ப நாளா சும்மா படிச்சிக்கிட்டுதான் இருக்கேன், எழுதுறது இதான் முதல் தடவ. நேத்து சாயந்திரம் அம்மாவ கூட்டிக்கிட்டு தேக்கா போயிட்டு திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன், சிங்கப்பூர் சிடிஈ எக்ஸ்பிரஸ்வேல ஆங் மோ கியோ பக்கம் வழக்கமான ஜாம், முன்னாடி டாக்ஸி நின்னுச்சு நானும் நின்னுட்டேன், பின்னாடி வந்த வேன் நிக்கல. டமார்னு ஒரு சத்தம், என் கார் முன்னாடி போயி டாக்ஸி பின்னாடி முட்டி நின்னுச்சு. ஏர்பேக் வெடிக்கல, கண்ணாடி உடையல, பம்பர் கொஞ்சம் ஒடுங்கியிருக்கு அவ்ளோதான். மூணு பேரும் இறங்கி போட்டோ எடுத்து நம்பர் மாத்திக்கிட்டு, நானே கார ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து, இன்சூரன்ஸ்காரங்களுக்கு சொல்லிட்டு, கோழிக்குழம்பு சாப்பிட்டு தூங்கிட்டேன். ஒரு வலியும் இல்ல, சத்தியமா.

இன்னைக்கு காலையில எழுந்திரிக்கவே முடியல. கழுத்து பலகை மாதிரி இருக்கு, பக்கத்துல யாராச்சும் கூப்பிட்டா ஒடம்போட சேத்து திரும்ப வேண்டியிருக்கு, பின்மண்டையில விண்ணு விண்ணுனு வலி. புளோக்குக்கு கீழ உள்ள கிளினிக்ல போய் காட்டினேன், மூணு நிமிஷம்கூட பாக்கல, வலி மாத்திரையும் 2 நாள் எம்சியும் (மெடிக்கல் லீவு) குடுத்து அனுப்பிட்டாங்க.

அம்மாவுக்கு 71 வயசு, பின் சீட்ல பெல்ட் போட்டுதான் உக்காந்திருந்தாங்க. காலையில குளிக்கும்போது பாத்திருக்காங்க, தோள்லேருந்து நெஞ்சுக்கு குறுக்கால பெல்ட்ட வச்சு வரைஞ்ச மாதிரி நீலமா ஒரு கோடு. மூச்ச நல்லா இழுத்தா ஒரு பக்கம் குத்துதாம். கேட்டா "எண்ணெய தேச்சா போயிடும், நீ சும்மா இரு"ங்குறாங்க.

என் கேள்வி இதான். காருக்கே ஒன்னும் ஆகல, அப்ப ஒடம்புக்கு எப்படி ஆச்சு? வலி ஏன் ஒரு ராத்திரி கழிச்சு வருது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


காத்திப்_மாமா
ஞாயிறு, இரவு 9:10

தம்பி பயப்படாத. எனக்கு 98ல இதே மாதிரி ஆச்சு, வெறும் சுளுக்குதான். சிராங்கூன் ரோடு பக்கம் நல்லா உருவி விடுற ஆளுங்க இருக்காங்க, ரெண்டு தடவ கழுத்த சொடக்கு எடுத்தா சரியாயிடும். அம்மாவுக்கும் கோடாலி தைலம் போட்டு நல்லா அமுக்கி தேச்சு விடு. ஆஸ்பத்திரி போனா 6 மணி நேரம் உக்கார வச்சிடுவான் லா.


நைட்ஷிப்ட்_கலா
ஞாயிறு, இரவு 9:18

மாமா மன்னிச்சுக்குங்க, தயவுசெஞ்சு அந்த மாதிரி சொல்லாதீங்க.

செல்வா தம்பி, நான் தாதி, 14 வருஷமா எமர்ஜென்சியில இருக்கேன். மொதல்ல ஒன்னு கேக்குறேன், அம்மா ரத்தம் உறையாம இருக்க ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறாங்களா? தலை எங்கயாச்சும் பட்டுச்சா? கேட்டு சொல்லு, உடனே.


செம்பவாங்_செல்வா
ஞாயிறு, இரவு 9:24

அக்கா, ஆமாக்கா, இதயத் துடிப்பு சரியில்லன்னு வார்ஃபரின் சாப்பிடுறாங்க, 3 வருஷமா. தலை ஜன்னல்ல "லேசா பட்டுச்சு"ன்னு இப்ப கேட்டப்பதான் சொல்றாங்க. நேத்து கேட்டப்ப ஒன்னும் இல்லன்னாங்க.


நைட்ஷிப்ட்_கலா
ஞாயிறு, இரவு 9:27

அப்ப போன கீழ வச்சிட்டு அம்மாவ ஏ அண்ட் ஈ (ஆஸ்பத்திரி எமர்ஜென்சி) கூட்டிட்டு போ. நாளைக்கு பாலிகிளினிக் இல்ல, இப்ப. நீ ஓட்டாத, கழுத்து திரும்பாம எப்படி லேன் மாத்துவ, டாக்ஸி பிடி. வழியில வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ ஆம்புலன்ஸுக்கு 995 அடி. வார்ஃபரின் சாப்பிடுறாங்க, தலை பட்டுச்சு, பெல்ட் தடம் இருக்கு, இந்த மூணையும் போன உடனே கவுன்டர்ல சொல்லு. மாத்திரை அட்டையும் எடுத்துட்டு போ. காரணத்த உக்காந்து எழுதுறேன், அங்க காத்திருக்கும்போது படி.


நைட்ஷிப்ட்_கலா
ஞாயிறு, இரவு 10:05

சரி. வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல இடம் கூடிடும். அந்த இடத்த தாண்டி போற சின்ன ரத்தக்குழாய்ங்க எல்லாம் இழுத்துக் கட்டுன கயிறு மாதிரி ஏற்கனவே விறைச்சு நிக்கும். நம்மூர்ல தாவ் ஹுவே (மெத்துனு இருக்குற சோயா புட்டிங்) டாபாவ், அதான் பார்சல், பண்ணும்போது பிளாஸ்டிக் டப்பாவ வேகமா நகத்தி டக்குனு நிறுத்திப் பாரு, டப்பா நிக்கும், உள்ள உள்ளது ஒரு பக்கம் போயி மோதிட்டு திரும்ப மறுபக்கம் வந்து மோதும். மூளையும் அதேதான். சின்ன வயசுல அந்த ஆட்டத்த தாங்குற குழாய் 71ல கிழியலாம், கிழிஞ்சா சொட்டு சொட்டா கசியும். நமக்குன்னா அது உறைஞ்சு நின்னுடும். வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு லேசுல நிக்காது. அதனாலதான் நேத்து நல்லா பேசிக்கிட்டு சாப்பிட்ட ஆளு ரெண்டு நாள் கழிச்சு, ஏன் சில சமயம் ரெண்டு வாரம் கழிச்சுகூட, தலைவலி குழப்பம்னு வந்து நிப்பாங்க.

பெல்ட் தடம் இன்னொரு கதை. எங்க டிபார்ட்மென்ட்ல அந்த நீலக் கோட்ட பாத்தா யாரும் "சும்மா சிராய்ப்பு"ன்னு விடமாட்டோம். தோலே அப்படி கன்னிப்போச்சுன்னா அதுக்கு கீழ விலா எலும்பு, நெஞ்செலும்பு, கோடு வயித்துல இருந்தா குடல், எல்லாம் அதே அழுத்தத்த வாங்கியிருக்குன்னு அர்த்தம். வயித்துக்கு குறுக்கால தடம் இருக்கிறதுதான் ரொம்ப பயம், குடல்ல ஒரு சின்ன ஓட்ட விழுந்தா முதல் நாள் ஸ்கேன்லகூட சரியா தெரியாம போகலாம், மறுநாள் வயிறு கல்லு மாதிரி ஆகி காய்ச்சல் வரும்போதுதான் வெளிய வரும். அதுக்காக பெல்ட் போட்டதாலதான் அடின்னு யாரும் கிளம்பாதீங்க, போடலன்னா அம்மா முன் சீட்டுல போயி மோதியிருப்பாங்க.

உனக்கு வருவோம். உன்னது சாட்டையடி மாதிரி கழுத்து அடி, இங்கிலீஷ்ல விப்லாஷ்னு சொல்றது. கையில மரமரப்பு, பலம் குறையறது, நடக்கும்போது தள்ளாட்டம் ஏதாச்சும் இருந்தா நீயும் இன்னைக்கே காட்டணும். கழுத்த வலப்பக்கம் இடப்பக்கம் 45 டிகிரியாச்சும் திருப்ப முடியுதான்னு டாக்டருங்க பாப்பாங்க, அது கனடாக்காரங்க 2001ல போட்ட ஒரு கணக்கு, யாருக்கு எக்ஸ்ரே வேணும் யாருக்கு வேணாம்னு முடிவு பண்ண. அந்த கணக்குப்படி 65 வயசு ஆயிட்டாலே படம் எடுக்கணும், அம்மா அதுல தானாவே வந்துடுவாங்க. நீ வீட்டுல சும்மா திருப்பி திருப்பி டெஸ்ட் பண்ணாத. எப்படியும் அம்மாகூட போற, உன் பேரையும் பதிஞ்சுடு.


பழைய_போல்ட்டு
ஞாயிறு, இரவு 11:31

காருக்கு ஒன்னும் ஆகல ஒடம்புக்கு எப்படின்னு கேட்டிருக்க, அதுக்கு நான் சொல்றேன், கலாம்மா மருத்துவம் சொல்லிட்டாங்க, நான் இரும்பு பக்கம். 30 வருஷமா வொர்க்‌ஷாப்ல மோதின வண்டிங்க நடுவுலயே காலம் போச்சு.

தம்பி, கார் ஒடுங்குறது நல்லது. இத புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் புரியும். அந்தக் காலத்து ஆளுங்க "அப்பல்லாம் வண்டி டாங்கி மாதிரி இருக்கும், இப்ப எல்லாம் தகர டப்பா"ம்பாங்க. பெலா பாரெனின்னு மெர்சிடிஸ்ல ஒரு எஞ்சினியர் இருந்தாரு, அவருதான் 1951ல முன்னாடி பின்னாடி வேணும்னே நசுங்கற மாதிரி செய்யணும், நடுவுல ஆளு உக்கார்ற இடம் மட்டும் கெட்டியா இருக்கணும்னு பேடன்ட் போட்டவரு. நசுங்க நசுங்க நேரம் இழுக்கும், நேரம் இழுத்தா அடி குறையும், அவ்ளோதான் சங்கதி.

கணக்கு போட்டு காட்டுறேன். 50 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த வேகத்துல சுவத்துல மோதுறதும் 10 மீட்டர் உயரத்துலேருந்து, அதாவது நம்ம எச்டிபி அடுக்குமாடியில மூணு மாடிக்கு மேலேருந்து, கீழ விழறதும் வேகத்துல ஒன்னுதான். முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நின்னா ஒடம்பு அதோட சொந்த எடைய மாதிரி 20 மடங்கு பாரத்த வாங்கும், 60 கிலோ ஆளுன்னா 1,200 கிலோ, அது பெல்ட்டு வழியா நெஞ்சுலயும் இடுப்புலயும் இறங்குது. பெல்ட் போடாம டேஷ்போர்டுல போயி மோதி 5 சென்டிமீட்டர்ல நின்னா 200 மடங்கு. எலும்பு என்ன பண்ணும்? வேகம் 50லேருந்து 60 ஆனா "பத்துதானே கூட"ன்னு தோணும், ஆனா சக்தி 44 சதவீதம் கூடிடுது.

எங்க ஃபீல்டுல மூணு மோதல்னு சொல்வோம். வண்டி எதுலயாச்சும் மோதும், அப்புறம் நீ வண்டிக்குள்ள பெல்ட்லயோ ஸ்டியரிங்லயோ மோதுவ, கடைசியா உன் உறுப்புங்க உனக்குள்ளயே மோதும். அந்த மூணாவத எவனும் போட்டோ எடுக்க முடியாது. ஈரல், மண்ணீரல் எல்லாம் மெத்துனு கனமா தொங்கிக்கிட்டு இருக்குற சாமான், ஒடம்பு நின்னாலும் அது முன்னாடி போகும், புடிச்சிக்கிட்டு இருக்குற இடத்துல கிழியும். இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் இருக்குல்ல, அது வளைஞ்சு கீழ இறங்குற இடத்துல ஒரு நாரு புடிச்சு கட்டியிருக்கும், பெரிய வேகத்துல நின்னா அங்கதான் அறுந்துபோகும். வெளிய ஒரு கீறல் இருக்காது.

இப்ப உன் கேஸ். உன்ன பின்னாடி இடிச்சிருக்கான். சீட்டு உன் முதுக முன்னாடி தள்ளுது, தலை நின்ன இடத்துலயே நிக்குது, 5 கிலோ கிட்ட இருக்கு அது. நடுவுல கழுத்து, கீழ்ப்பக்கம் பின்னாடி வளைஞ்சு மேல்பக்கம் முன்னாடி வளைஞ்சு பாம்பு மாதிரி நெளியும். இது எல்லாம் 100 மில்லிசெகண்டுக்குள்ள, ஒரு நொடிய பத்தா பிரிச்சா அதுல ஒன்னு. உன் கழுத்துத் தசை முழுசா விறைச்சு சமாளிக்கறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடுது, நீ டாக்ஸிய பாத்துக்கிட்டு இருந்திருப்ப, உனக்கு வேன் வர்றதே தெரியாது. அதுக்கு மேல டாக்ஸிய வேற முட்டியிருக்க, அப்ப திரும்ப முன்னாடி ஒரு ஆட்டம், அம்மா நெஞ்சுல பெல்ட் பதிஞ்சது அந்த ரெண்டாவது முட்டுலதான் இருக்கும்னு நான் நினைக்கிறேன். பம்பர் கெட்டியா நின்னு லேசா ஒடுங்கினதுல சந்தோஷப்பட ஒன்னும் இல்ல, அது வாங்காத மிச்சத்த உன் சீட்டுதான் வாங்கி உனக்கு குடுத்திருக்கு. இன்சூரன்ஸ் ஆளு "டேமேஜே இல்லயே, வலி எப்படி வரும்"னு கேப்பான் பாரு, அப்ப இத சொல்லு.

ஹெட்ரெஸ்ட் எங்க இருந்துச்சு? பாதி பேரு கீழ இறக்கியே வச்சிருப்பாங்க, அது தூங்குறதுக்கு இல்ல தம்பி, கழுத்த காப்பாத்த. மேல் விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு வரணும், தலைக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. 90கள் கடைசியில சாப், வால்வோன்னு ரெண்டு கார் கம்பெனியும் பின்னாடி இடிச்சா தானாவே தலைய தாங்குற மாதிரி சீட்டு செஞ்சாங்க, இதுக்காகவே.


நைட்ஷிப்ட்_கலா
ஞாயிறு, இரவு 11:48

அண்ணன் சொன்னது சரி, வலி ஏன் மறுநாள் வருதுங்கறத மட்டும் சேத்துக்குறேன். மோதின நேரத்துல அட்ரினலின் ஏறி நிக்கும், அது வலிய மூடிடும். நார்ல, மூட்டுல வந்த சின்னச் சின்ன கிழிசலுக்கு வீக்கம் கட்ட மணிக்கணக்கு ஆகும், அத பாத்து தசை இறுகி பூட்டு போட்டுக்கும். காலையில பலகை ஆனது அந்த பூட்டு. எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், இதெல்லாம் தெரியாது, அதனால "எக்ஸ்ரே நார்மல்"னா "உனக்கு வலிக்கல"ன்னு அர்த்தம் கிடையாது. எலும்பு முறிவு இல்லன்னு உறுதியாயிட்டா காலர் மாட்டிக்கிட்டு வாரக்கணக்கா படுக்காத, மெதுவா ஆட்டி ஆட்டி பழகறதுதான் இப்ப எல்லாரும் சொல்றது. முறிவு இருக்கா இல்லையான்னு தெரியாம சொடக்கு எடுக்குறது, மாமா, அது சூதாட்டம்.


ஜூரோங்_ஜீவா
திங்கள், காலை 7:15

நடுவுல ஒரு டவுட். என் வைஃப் குள்ளம், ஸ்டியரிங்க கட்டிப்பிடிச்ச மாதிரி உக்காந்து ஓட்டுறா. அது ஆபத்தா?


பழைய_போல்ட்டு
திங்கள், காலை 7:40

ஆபத்துதான். ஏர்பேக் தலையணை மாதிரி மெதுவா வராது, 30 மில்லிசெகண்டு அளவுல ஊதி முடிச்சிடும், நீ கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. அது விரியற நேரத்துல மூஞ்சி பக்கத்துல இருக்கக்கூடாது. நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டர் இருக்கணும். சீட்ட பின்னாடி தள்ளி உயரத்த ஏத்தி பாருங்க, கால் எட்டலன்னா சாய்மானத்த கொஞ்சம் சாய்க்கலாம். இன்னொன்னு, மோதல் டெஸ்டுக்கு வைக்கிற பொம்மை ரொம்ப காலமா ஆம்பள அளவுதான், சராசரி பொம்பள ஒடம்புக்கு ஏத்த பொம்மைய ஸ்வீடன்ல 2022லதான் செஞ்சு காட்டினாங்க. பின்னாடி இடிக்கிற கேஸ்ல கழுத்து அடி பொம்பளைங்களுக்குதான் அதிகம் வருது, பாத்துக்குங்க.


புதுக்கோட்ட_ராசா
திங்கள், மதியம் 12:50

எல்லாரும் காரு பத்தி பேசுறீங்க. நாங்க டெய்லி சைட்டுக்கு லாரி பின்னாடி உக்காந்து போறோம் அண்ணே, பெல்ட்டும் இல்ல சீட்டும் இல்ல, பக்கவாட்டுல முதுகு ஒட்டி உக்காந்துக்குவோம், காலையில பாதி பேரு தூக்கம். போன வருஷம் டிரைவர் சடன் பிரேக் போட்டதுக்கே நான் வழுக்கிப் போயி டூல் பாக்ஸ்ல விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சு, எங்க கம்பெனியில மொதல்ல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதச் சொன்னாங்க. 60ல தானே போறோம்னு எல்லாரும் நினைக்கிறோம். நெசமாவே மோதினா என்ன ஆகும்?


பழைய_போல்ட்டு
திங்கள், மதியம் 1:22

தம்பி ராசா, உண்மைய சொல்லவா. 60ல போற லாரி எதுலயாச்சும் மோதி நின்னா லாரி நிக்கும், நீ 60லயே போய்க்கிட்டு இருப்ப, உன்ன நிறுத்தறது பக்கத்துல உக்காந்திருக்குற நண்பன், கேபின் பின்சுவரு, இல்லன்னா ரோடு. பக்கவாட்டுல உக்காந்திருந்தா தோள், விலா, இடுப்பு முழுசா ஒரு பக்கமா வாங்கும். 2021 ஏப்ரல்ல பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல நின்னுக்கிட்டு இருந்த டிப்பர் லாரி பின்னாடி ஆளுங்கள ஏத்திக்கிட்டு வந்த லாரி மோதி ரெண்டு பேரு செத்தாங்க, ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் பார்லிமென்ட்லயும் பேசினாங்க. கார்ல பின் சீட்டுக்கே பெல்ட் கட்டாயம்னு 1993லயே சட்டம் வந்த ஊரு இது. இதுக்கு மேல நான் சொன்னா மாடரேட்டர் தூக்கிடுவாரு.

உனக்கு இப்போதைக்கு கையில இருக்கறது இவ்ளோதான். கேபின் பக்கம் முதுகு ஒட்டி உக்காரு, டெயில்போர்டு (பின்கதவு) பக்கம் உக்காராத. டூல் பாக்ஸ், பைப் எதுவும் கட்டாம ஏத்த விடாத, 10 கிலோ டூல் பாக்ஸ் மோதுற நேரத்துல 200 கிலோ மாதிரி வரும்.


நைட்ஷிப்ட்_கலா
திங்கள், மதியம் 1:40

ராசா, அடிபட்டா எப்படி நடந்துச்சோ அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு. லாரியிலன்னா லாரியிலதான். "வழுக்கிட்டேன்"னு சொன்னா நாங்க மணிக்கட்ட மட்டும் பாப்போம், லாரியில தூக்கிப் போட்டுச்சுன்னா கழுத்து வயிறு எல்லாம் பாப்போம். எழுதுற வார்த்தையிலதான் உன் ட்ரீட்மென்டே இருக்கு.


செம்பவாங்_செல்வா
செவ்வாய், மாலை 6:05

மக்களே, ஆஸ்பத்திரியிலேருந்து வந்தாச்சு. கலா அக்காவுக்கு எங்க வீட்டுல ஒரு ஆயுள் முழுக்க சோறு உண்டு.

அம்மாவுக்கு தலை சிடி ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தக்கசிவு இல்ல, ஆனா வார்ஃபரின் இருக்கறதால ராத்திரி வச்சு பாத்துட்டு மறுபடி ஒரு தடவ எடுத்தாங்க, அதுவும் கிளியர். விலா எலும்புல ரெண்டு இடத்துல கீறல் விட்டிருக்கு. முதல் எக்ஸ்ரேல ஒன்னும் தெரியல, ஸ்கேன்லதான் தெரிஞ்சுச்சு. கட்டு எதுவும் போடல, அது எனக்கு ஆச்சரியம்தான், தானா கூடிடும், ஆனா வலிக்குதுன்னு மூச்ச குறைச்சு விட்டா நெஞ்சுல சளி கட்டி நிமோனியா வந்துடும்னு மூணு பந்து வச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுத்திருக்காங்க, மணிக்கு பத்து தடவ இழுக்கணுமாம். அம்மா ரெண்டு தடவ இழுத்துட்டு "இது என்ன சின்னப்புள்ளைங்க வெளையாட்டு"ன்னு ஓரமா வச்சிட்டாங்க.

என் கழுத்து எலும்புக்கு ஒன்னும் இல்ல, பிசியோவுக்கு தேதி குடுத்திருக்காங்க. நேத்து பார்க்கிங்ல போயி பாத்தேன் போல்ட்டு அண்ணே, நாலு ஹெட்ரெஸ்டும் அடியிலதான் இருந்துச்சு, வண்டி வாங்கின நாள்லேருந்து ஒரு தடவகூட தூக்கல. காயம் இருக்கறதால போலீஸ் ரிப்போர்ட்டும் போட்டாச்சு.


நைட்ஷிப்ட்_கலா
செவ்வாய், மாலை 6:31

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த டப்பாவ மட்டும் விடாத. வலி மாத்திரைய நேரத்துக்கு குடு, வலி கொறஞ்சாதான் மூச்சு இழுப்பாங்க, அரை மணி நேரம் கழிச்சு டப்பாவ கையில குடு. வார்ஃபரினோட சேராத வலி மாத்திரைங்க நெறைய இருக்கு, அவங்க எழுதிக் குடுத்தத தவிர கடையில வாங்கி எதுவும் போடாத, தைலம்கூட ஃபார்மசியில கேக்காம வேணாம். ஒரு மாசத்துக்கு புதுசா தலைவலி, மறதி, நடை தள்ளாட்டம் எது வந்தாலும் திரும்ப வா.


காத்திப்_மாமா
செவ்வாய், இரவு 8:20

சரிம்மா, நான் வாயே தொறக்கல இனிமே. செல்வா, அம்மாகிட்ட சொல்லு, எனக்கும் பைபாஸ் பண்ணப்ப அதே டப்பாதான் குடுத்தாங்க. மூணாவது பந்து வரைக்கும் தூக்க எனக்கு 11 நாள் ஆச்சு. அவங்களால முடியுமான்னு பாக்குறேன்.


செம்பவாங்_செல்வா
செவ்வாய், இரவு 8:47

படிச்சு காட்டினேன் மாமா. "யாரு அந்த ஆளு"ன்னு கேட்டுட்டு டப்பாவ கேட்டு வாங்கிக்கிட்டாங்க. ரெண்டாவது பந்து இப்பவே மேல போயிடுச்சு.